கருவி வாங்கிய பிறகுதான் செலவு தொடங்குகிறது

வளரும் நாடு ஒன்றில் பல்கலைக்கழக ஆராய்ச்சியை உலகத் தரத்துக்கு உயர்த்தப் போவதாக அறிவிப்பு வந்தால், அதில் என்னென்ன இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு புதிய ஆய்வு மையக் கட்டடம். அதற்குள் வைக்க விலை உயர்ந்த கருவிகள். இத்தனை ஆண்டுக்குள் இத்தனை ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகள், தரவரிசையில் இன்ன இடம் என்று ஓர் இலக்கு. கட்டடம் திறக்கப்படும், கருவியும் வந்து இறங்கும். ஐந்தாறு ஆண்டு கழித்து அதே மையத்துக்குள் போய்ப் பார்த்தால் கருவிகளில் சில உறை போட்டு மூடிக் கிடக்கும். பழுது பார்க்கப் பணம் இல்லை, அல்லது அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டுரைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறியிருக்கும்.

பணம் போதவில்லை, அதனால்தான் இப்படி என்று சொல்லிவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. தென் கொரியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 5 சதவீதத்தை ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிடுகிறது. இந்தியாவில் இது 0.64 சதவீதம். 1 சதவீதமாவது ஒதுக்குவோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் 2006-ல் சூடான் தலைநகர் கார்ட்டூமில் கூடித் தீர்மானித்தன. பெரும்பாலான நாடுகள் அந்த இலக்கை இன்னும் எட்டவில்லை. பத்து லட்சம் மக்களுக்கு எத்தனை ஆய்வாளர்கள் என்று பார்த்தால் தென் கொரியாவில் ஒன்பதாயிரத்தை ஒட்டி வரும். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் நூற்றுச் சொச்சம்தான்.

ஆனால் இருக்கிற பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது, எதற்குச் செலவழிக்க விடுகிறார்கள் என்பதும் தொகையின் அளவுக்கே முக்கியம். ஆராய்ச்சி தொடர்ச்சியால் வாழ்கிறது. ஓர் ஆய்வுக்கூடம் ஒரு வருடம் நின்றால் இழப்பு ஒரு வருடத்தோடு முடிவதில்லை. பழகிய மாணவர் போய்விடுவார், பாதுகாத்து வளர்த்த செல்கள் அழிந்துவிடும், கருவி கெடும், அடுத்து வருபவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் எந்த மேம்பாட்டுத் திட்டத்தையும் ஒரே ஒரு கேள்வியால் எடை போட வேண்டும் என்று நினைக்கிறேன்: ஆய்வுக்கூடத்தில் நாளைக்கும், அடுத்த வருடமும் வேலை அறுபடாமல் நடக்க இது உதவுமா?

ஒரு குப்பி நொதியின் பயணம்

மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏவைப் பெருக்க ஒரு நொதி வேண்டும். சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பிதான். மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வசதியான நாட்டில் ஆய்வு மாணவர் காலையில் ஆர்டர் போட்டால் ஓரிரு நாளில் மேசைக்கு வந்துவிடும். சில இடங்களில் பல்கலைக்கழகமே இத்தகைய நொதிகளை ஒரு பொது ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருக்கும். எடுத்துக்கொண்டு கணக்கில் எழுதிவிட்டுப் போகலாம்.

வளரும் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் அதே குப்பிக்கு முதலில் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். அதை ஒரே நிறுவனம்தான் தயாரிக்கிறது என்றால், ஏன் மூன்று இல்லை என்று தனியாக ஒரு விளக்கக் கடிதம். துறைத் தலைவர், கொள்முதல் குழு, நிதி அலுவலர் என்று கோப்பு நகரும். குழு மாதம் ஒரு முறைதான் கூடும். உள்ளூர் முகவர் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆர்டர் அனுப்புவார். அவருடைய பங்கும் விமானச் செலவும் சேர்ந்து விலை ஏறியிருக்கும். உலர்பனியில் பொதிந்து வரும் பெட்டி சுங்கத்தில் நிற்கும். உயிரியல் பொருள் என்று எழுதியிருப்பதால் இன்னொரு துறையின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். இடையில் வார இறுதி வந்துவிட்டால் அவ்வளவுதான். உலர்பனி முழுக்க ஆவியாகி, பெட்டி அறை வெப்பத்துக்கு வந்துவிடும்.

இப்படி மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு குப்பி வந்து சேரும். உண்மையான கஷ்டம் அப்புறம்தான். சோதனை சரியாக வரவில்லை. யோசனை தப்பா, செய்முறை தப்பா, நொதி வழியிலேயே செயலிழந்துவிட்டதா என்று மாணவருக்குத் தெரியாது. சரிபார்க்க இன்னொரு குப்பி வேண்டும், அதற்கு இன்னும் நான்கு மாதம். வேறொரு நாட்டில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும் பதிலுக்கு இங்கே ஒரு வருடம் போகிறது. இரண்டு மாணவர்களும் ஒரே அளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், நான்கு வருட முடிவில் ஒருவர் நாற்பது முறை தவறு செய்து திருத்தியிருப்பார், இன்னொருவர் நான்கு முறை. ஆராய்ச்சி என்பதே பெரும்பாலும் தவறு செய்து திருத்துவதுதான் என்பதால் இந்த வித்தியாசத்தைத் திறமையால் ஈடுகட்ட முடியாது.

மின்சாரமும் இதே கதைதான். நோயாளிகளிடமிருந்தோ வயல்களிலிருந்தோ பல வருடம் சேகரித்த மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கும். இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாமல், காலைவரை யாரும் கவனிக்காவிட்டால் அத்தனையும் போச்சு. ஃப்ரீசர் வாங்க நிதி கொடுத்த திட்டத்தில் டீசலுக்கும் இரவுக் காவலுக்கும் செலவுத் தலைப்பே இருக்காது.

இவற்றைச் சரிசெய்யப் பெரிய தொகை தேவையில்லை. ஒரு வரம்புக்குள் ஆய்வாளரே நேரடியாகப் பொருள் வாங்கிக்கொள்ள விடலாம், தணிக்கை பிறகு நடக்கட்டும். ஆய்வுப் பொருட்களுக்குச் சுங்கத்தில் தனி வழியும், விமான நிலையக் கிடங்கில் குளிர்பதன அறையும் ஏற்படுத்தலாம். ஒரே ஊரில் உள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கிடங்கு நடத்தலாம். சில நொதிகளை இறக்குமதி செய்யவே வேண்டாம். டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் போன்று காப்புரிமைக் காலம் முடிந்துபோன நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து பிரித்தெடுப்பது முதுகலை மாணவர் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. ஒரு துறை அதை ஒழுங்காகச் செய்தால் சுற்றியுள்ள பல ஆய்வுக்கூடங்களுக்குப் போதும். துணைவேந்தரும் சுங்கத் துறையும் மனது வைத்தால் ஒரே வருடத்தில் நடக்கக்கூடியவை இவை. ஆனாலும் மேம்பாட்டுத் திட்ட ஆவணங்களில் இவை தலைகாட்டுவதே அரிது.

மாதாமாதம் வரும் பணம்

பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஃபாபெஸ்ப் என்ற ஆய்வு நிதி நிறுவனம் 1962-ல் இயங்கத் தொடங்கியது. மாநிலத்தின் வரி வருவாயில் ஒரு பங்கு அதற்குப் போக வேண்டும் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். முதலில் அரை சதவீதம், 1989 முதல் 1 சதவீதம். அதுவும் மாதாமாதம் வர வேண்டும். நிறுவனத்தின் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். மாநிலத்தின் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் விற்பனை வரியில் ஒரு நிலையான பங்கு உண்டு; 1990களின் நடுவிலிருந்து அது 9.57 சதவீதம். ஆட்சி மாறலாம், பொருளாதாரம் ஏறி இறங்கலாம். ஆனால் அடுத்த வருடம் ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று ஆய்வாளருக்குத் தெரியும். பிரேசில் கடுமையான பணவீக்கத்தைச் சந்தித்த காலத்தில், பணம் மாதாமாதம் கைக்கு வந்தது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிலைத்தன்மையால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். சாவோ பாவ்லோ ஆரஞ்சுத் தோட்டங்களில் சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா பெரும் சேதம் விளைவித்துக்கொண்டிருந்தது. 1997-ல் அதன் முழு மரபணுத் தொகுதியையும் படித்துவிடுவது என்று ஃபாபெஸ்ப் முடிவெடுத்தது. ஒரு பெரிய மையத்தைக் கட்டி எல்லா இயந்திரங்களையும் அங்கே குவிக்காமல், மாநிலம் முழுக்கப் பரவியிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக்கூடங்களை இணையத்தால் இணைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு மரபணு வரிசைப்படுத்துவதில் முன் அனுபவமே இல்லை. 2000-ல் முடிவுகள் ‘நேச்சர்’ இதழில் வந்தன. தாவர நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதி உலகில் முதல் முறையாகப் படிக்கப்பட்டது அப்போதுதான். ஆரஞ்சு விவசாயிக்குத் தேவையான கேள்வி, முதல்தர அறிவியல், கூடவே மாநிலம் முழுக்கப் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறை என்று எல்லாமே அந்த ஒரே திட்டத்தில் கிடைத்தன. இயந்திரம் பழசாகிப் போயிருக்கும். பழகிய ஆட்கள் அடுத்தடுத்த மரபணுத் திட்டங்களுக்குப் போனார்கள்.

பல நாடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. திட்டத்துக்கு ஒப்புதல் வந்து பல மாதம் கழித்து, நிதியாண்டு முடிய ஆறேழு வாரம் இருக்கும்போது பணம் வரும். அதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறு வாரத்தில் ஆராய்ச்சி செய்ய முடியாது, கருவி வாங்க முடியும். ஆகவே கருவி வாங்குகிறார்கள். அதை வாங்கிய ஆய்வாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிதி விதிமுறை அவரை அங்கேதான் தள்ளுகிறது. பெரிய கருவிகளைப் பொறுத்தவரை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மட்டுமே விலையில் கணிசமான பங்கு ஆண்டுதோறும் ஆகும் என்பது அவற்றைக் கையாளும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தைப் பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே ஒதுக்க முடியாத இடத்தில் அந்தக் கருவியை வாங்காமல் இருப்பதே நல்லது. அதற்குப் பதிலாகப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருப்பதைக் காசு கொடுத்துப் பயன்படுத்த ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஆசிரியரின் வாரம்

1951-ல் கேம்பிரிட்ஜ் படிப்பை முடித்து லாகூருக்குத் திரும்பிய அப்துஸ் சலாமுக்கு அப்போது வயது 25. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கிய அந்த இயற்பியலாளரிடம், ஆராய்ச்சியை மறந்துவிட்டு விடுதிக் காப்பாளர், கணக்கு மேற்பார்வை, கால்பந்து அணிப் பொறுப்பு ஆகிய மூன்றில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுமாறு அவர் ஆசிரியராகச் சேர்ந்த கல்லூரியின் தலைமை சொன்னது. அவர் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்று ஆண்டில் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். இயற்பியலில் நீடிப்பதா, நாட்டில் நீடிப்பதா என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது என்பது அவருக்கு வாழ்நாள் முழுக்க இருந்த வேதனை.

எழுபது ஆண்டுக்குப் பிறகும் பல பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் விரிவுரையாளரின் வாரம் இப்படித்தான் போகிறது. வாரத்துக்குப் பதினாறு, பதினெட்டு மணி நேர வகுப்பு. நூற்றுக்கணக்கான விடைத்தாள். சேர்க்கைக் குழு, தேர்வுக் குழு, அங்கீகாரத்துக்கான படிவங்கள், விழா ஏற்பாடு. சம்பளம் போதாத நாடுகளில் மாலையில் தனியார் கல்லூரியிலும் வகுப்பெடுப்பார். ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது களைத்துப்போன இரவுதான். அதைச் செய்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின் அறிவியலை அப்படிப்பட்டவர்களின் தியாகத்தின் மீது கட்ட முடியாது.

மெக்சிகோ 1984-ல் இதற்கு ஒரு வழி செய்தது. 1982-ன் பொருளாதார நெருக்கடியில் பேராசிரியர்களின் சம்பளம் மதிப்பிழந்து ஆய்வாளர்கள் வெளியேறத் தொடங்கியபோது, தேசிய ஆய்வாளர் அமைப்பு என்ற ஒன்றை உருவாக்கி, மதிப்பீட்டில் தேறியவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் மாத உதவித்தொகை கொடுத்தது. நிறையப் பேர் நாட்டிலேயே தங்கினார்கள். பிற்காலத்தில் இது கட்டுரை எண்ணிக்கையை நோக்கி ஆட்களைத் தள்ளுகிறது என்ற விமர்சனமும் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானதுதான். ஆனாலும் ஆய்வாளரின் நேரத்துக்கு அரசு விலை கொடுக்க வேண்டும் என்ற அடிப்படை சரியானது. பணமே இல்லாத பல்கலைக்கழகம்கூட ஒன்று செய்யலாம்: புதிதாகச் சேருபவருக்கு முதல் மூன்று ஆண்டு பாதி வகுப்பு மட்டும், எந்தக் குழுவும் கிடையாது. கால அட்டவணையைத் திருத்துவதற்கு வெளியிலிருந்து நிதி வர வேண்டியதில்லை.

எண்ணத் தொடங்கினால் என்ன ஆகும்

ஆராய்ச்சியை வளர்க்க ஆசைப்படும் அரசுகளுக்குக் கைக்கு எட்டும் கருவி கட்டுரை எண்ணிக்கை. கணக்கெடுக்கலாம், ஒப்பிடலாம், பரிசு கொடுக்கலாம். விளைவு எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசு பல்கலைக்கழகத்துக்குப் பணம் தருகிறது. சில பல்கலைக்கழகங்கள் அதில் ஒரு பகுதியை எழுதியவருக்கே கொடுக்கின்றன. கட்டுரைகள் பெருகின. 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, முந்தைய பத்தாண்டில் அந்நாட்டவர் எழுதிய ஏறத்தாழ 3,900 கட்டுரைகள் காசு வாங்கிக்கொண்டு சரிபார்க்காமல் வெளியிடும் போலி இதழ்களில், அல்லது அப்படிச் சந்தேகிக்க இடமுள்ள இதழ்களில் வந்திருப்பதாகக் காட்டியது. இந்தியாவில் 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வைப் புள்ளிகளோடு இணைத்தது. பேப்பர் போட்டால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் உயர்வு என்றானதும், சில நாளில் கட்டுரை வெளியிட்டுத் தரும் இதழ்கள் முளைத்தன. பிறகு அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் வெளியிட வேண்டி வந்தது. அந்தப் பட்டியலையும் 2025-ல் கைவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2022-ல் நீக்கப்பட்டது. சீனாவில் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுப்பது பல பல்கலைக்கழகங்களில் வழக்கமாக இருந்தது. 2020 பிப்ரவரியில் அந்நாட்டு அரசே அதைத் தடுத்து, கட்டுரை எண்ணிக்கையை வைத்து மட்டும் ஆட்களை மதிப்பிடக் கூடாது என்று உத்தரவிட்டது.

இங்கே சேதம் போலி இதழ்களோடு நிற்பதில்லை. ஐந்து ஆண்டு பிடிக்கக்கூடிய ஒரு கடினமான கேள்வியை இளம் ஆய்வாளர் எடுக்கவே மாட்டார். எடுத்தால் இடையில் பதவி உயர்வு போய்விடும். ஆறு மாதத்தில் முடிகிற, ஏற்கெனவே யாரோ செய்ததில் ஒரு சின்ன மாற்றம் செய்த வேலையைத்தான் எடுப்பார். ஆய்வு மாணவரும் அதையே கற்றுக்கொள்கிறார். பிறகு அவரே வழிகாட்டியாகிறார். எண்ணிக்கை முறையைக் கைவிட்ட பிறகும் அந்தப் பழக்கம் ஒரு தலைமுறைக்குப் போகாது.

சரி, எண்ணக் கூடாது என்றால் எப்படித்தான் மதிப்பிடுவது? படித்துப் பார்க்க வேண்டும். பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பவர் தன் சிறந்த மூன்று நான்கு ஆய்வுகளை மட்டும் கொடுக்கட்டும். துறை தெரிந்த வெளியாட்கள் அவற்றை வாசித்துக் கருத்து எழுதட்டும். சிறிய நாட்டில் ஒரு துறையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகவோ, ஒரே வழிகாட்டியின் மாணவர்களாகவோ இருப்பார்கள். அதனால் மதிப்பிடுபவர்களில் பாதிப் பேராவது நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இதில் நேரம் ஆகும். ஆனால் முப்பது ஆண்டு வேலையில் இருக்கப் போகிறவரைத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் அதிகமில்லை.

சொந்தக் கேள்வி

வசதி குறைந்த இடத்திலிருந்து பெரிய அறிவியல் வர முடியாது என்பது உண்மையில்லை. வரும் இடங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: கேள்வி அந்த ஊரிலேயே இருந்தது.

காலரா உடலுக்குள் எப்படிக் கொல்கிறது என்பது நெடுநாள் புதிர். கிருமி ஒரு நச்சைச் சுரக்கலாம் என்று ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் 1884-லேயே ஊகித்திருந்தார், நிரூபிக்க முடியவில்லை. காலராவுக்குப் பேர்போன கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் நோயியல் ஆசிரியராக இருந்த சம்புநாத் தே, முயல்களின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தைச் செலுத்திப் பார்த்தார். கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்த பிறகும் அந்தத் திரவம் குடலில் நீரைப் பெருகச் செய்தது. நோய்க்குக் காரணம் கிருமி சுரக்கும் நச்சு என்பது அதோடு உறுதியாயிற்று. 1959-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குத் தேவைப்பட்டவை முயல், நூல், வடிகட்டி, நல்ல யோசனை. அந்த நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் அடுத்த கட்டம் பத்து ஆண்டு கழித்து அமெரிக்காவில் நடந்தது. தே-வுக்கு அவர் நாட்டில் உரிய மரியாதை அவர் உயிரோடு இருந்தவரை கிடைக்கவில்லை என்பது இன்றைக்கும் வருத்தம் தரும் விஷயம். முதல் யோசனைக்கு எளிய பொருள் போதும். அதைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டு போவதற்குத்தான் பணமும் ஆளும் சூழலும் வேண்டும் என்பதை இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கியூபாவில், வேறொரு நோய் விஷயத்தில், அப்படிப்பட்ட இரண்டாம் கட்டமும் நடந்தது. குழந்தைகளுக்கு மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் ஹிப் என்ற பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி இருந்தது, ஆனால் ஏழை நாடுகளுக்கு விலை கட்டுப்படியாகவில்லை. ஹவானா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று, கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக வேதியியலாளரோடு சேர்ந்து, அந்தக் கிருமியின் சர்க்கரை உறையை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கியது. 2004-ல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. செயற்கைச் சர்க்கரையைக் கொண்டு மனிதருக்குச் செய்யப்பட்ட முதல் தடுப்பூசி அது. பல்கலைக்கழக ஆய்வு தடுப்பூசியாக மாறியதற்கு, நாட்டிலேயே தயாரிப்பு மையங்களும் மருத்துவச் சோதனை செய்யும் அமைப்பும் 1980கள் முதல் வளர்ந்திருந்தது முக்கியக் காரணம்.

இயற்கை கொடுத்ததையும் பேரம் பேசப் பயன்படுத்தலாம். வட சிலியின் பாலைவன வானம் உலகிலேயே தெளிவானவற்றில் ஒன்று. வெளிநாட்டு அமைப்புகள் அங்கே தொலைநோக்கிகளைக் கட்ட வந்தபோது, அவற்றில் கவனிக்கும் நேரத்தில் 10 சதவீதத்தைத் தன் நாட்டு நிறுவனங்களின் வானியலாளர்களுக்கு என்று சிலி வாங்கிக்கொண்டது. நிலத்துக்கு வாடகை வாங்கியிருந்தால் அது கஜானாவில் கரைந்திருக்கும். தொலைநோக்கி நேரம் வாங்கியதால், அதைப் பயன்படுத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், பல்கலைக்கழகங்களில் வானியல் துறைகள் வளர்ந்தன.

கூட்டாய்வு என்று வரும் வெளிநாட்டுக் குழுக்களிடமும் இதே போல்தான் பேச வேண்டும். மாதிரிகளைச் சேகரித்துக் கொடுத்துவிட்டு, ஆய்வு வேறு நாட்டில் நடந்து, கட்டுரையின் நடுவில் எங்கோ பெயர் வருவதோடு முடிந்துபோன கூட்டாய்வுகள் ஏராளம். நைஜீரியாவின் எடே நகரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மரபணு மையம், உலக வங்கியின் ஆப்பிரிக்க உயர்திறன் மையத் திட்டத்தின் உதவியோடு, அந்த வேலையை உள்ளூரிலேயே செய்யும் ஆட்களை உருவாக்கியது. 2020 மார்ச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து வெளியான முதல் கொரோனா வைரஸ் மரபணுத் தொகுதி அங்கே சில நாட்களில் படிக்கப்பட்டதுதான். மாதிரி நாட்டை விட்டுப் போகவில்லை.

படிக்கவும் வெளியிடவும்

இதழ்களைப் படிப்பதில் இருந்த தடை ஓரளவு குறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் தொடங்கிய ஹினாரி திட்டம் ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகிறது. அந்த வரையறைக்கு மேலே இருக்கும் நடுத்தர நாடுகள் தாமே பேரம் பேச வேண்டும். அப்படித்தான் இந்தியா 2025 முதல் அரசுக் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சந்தா என்ற முறைக்கு, மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் இப்போது சுமை வெளியிடும் பக்கம் நகர்ந்துவிட்டது. ‘நேச்சர்’ இதழில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஒரு கட்டுரை வெளியிட, 2020-ல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. பல நாடுகளில் அது ஒரு பேராசிரியரின் ஆண்டுச் சம்பளத்தைவிட அதிகம். எழுதுபவரும் படிப்பவரும் காசு தர வேண்டாம், பொதுப்பணம் இதழை நடத்தட்டும் என்ற வழியை லத்தீன் அமெரிக்கா 1990களின் இறுதியில் சையெலோ என்ற இணைய இதழ்த் தொகுப்பின் மூலம் பெரிய அளவில் செய்து காட்டியது. மற்ற நாடுகள் அதை ஏன் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

திரும்பி வருபவருக்கு

சலாம் தான் சந்தித்த தனிமைக்கு ஒரு பதில் கண்டுபிடித்தார். 1964-ல் இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் அவர் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையத்தில், வளரும் நாட்டில் வேலை பார்க்கும் ஆய்வாளர் சில ஆண்டுக் காலத்தில் மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை தங்கி வேலை செய்யலாம். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகாமலே உலகத்தோடு தொடர்பில் இருக்க அது வழி செய்தது. குறைந்த செலவில் இவ்வளவு பேருக்கு உதவிய திட்டம் அதிகம் இல்லை.

தென் கொரியா வேறு பாதையில் போனது. 1966-ல் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, வெளிநாட்டில் இருந்த தன் நாட்டு ஆய்வாளர்களைப் பல்கலைப் பேராசிரியர்களைவிட நல்ல சம்பளம், வீடு, ஆய்வுச் சுதந்திரம் கொடுத்து அழைத்தது. நாட்டின் பல்கலைக்கழகங்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கற்பிக்கும் இடங்களாகவே இருந்தன. 1999-ல் தொடங்கிய ‘மூளைக் கொரியா 21’ திட்டம்தான் பெரிய அளவில் பல்கலைக்கழக ஆய்வை நோக்கித் திரும்பியது. அதன் பணத்தில் பெரும் பகுதி முதுகலை, முனைவர் மாணவர்களின் உதவித்தொகைக்கும் இளம் ஆய்வாளர்களின் சம்பளத்துக்கும் போனது. கட்டடத்துக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கையால் வேலை செய்வது மாணவர்தான். அவருடைய உதவித்தொகை எட்டு மாதம் தாமதமாக வந்தால் அவர் டியூஷன் எடுக்கப் போவார், சோதனை நிற்கும். அதே போல ஒரு நல்ல லேப் டெக்னீஷியன், பேராசிரியர் மாறினாலும் மாணவர்கள் மாறினாலும் கருவியின் போக்கைத் தெரிந்துவைத்திருப்பவர். அந்தப் பதவிக்கு நிரந்தர வேலையும் உயர்வுக்கு வழியும் வைக்காத பல்கலைக்கழகம் பல கோடி ரூபாய்க் கருவியைத் தற்காலிக ஊழியர் கையில் கொடுத்து வைத்திருக்கிறது.

இன்றைக்கு வெளிநாட்டில் ஆய்வு முடித்துத் திரும்பலாமா என்று யோசிக்கும் முப்பது வயதுக்காரர் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி இல்லை. சேர்ந்த நாளில் ஒரு அறை இருக்குமா, தொடக்க நிதி எந்த மாதம் கைக்கு வரும், அதில் டெக்னீஷியன் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா, முதல் வருடம் எத்தனை வகுப்பு, ஒரு நொதி வாங்க எத்தனை நாள் ஆகும் என்றுதான் கேட்பார். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் நண்பரிடம் தனியாகவும் விசாரிப்பார். வேலைக்கு எடுக்கும் பல்கலைக்கழகம் இந்த ஐந்துக்கும் பதிலை எழுத்தில், தேதியோடு நியமனக் கடிதத்திலேயே கொடுக்கலாம்.